கடல் தாண்டப் போகும் மனைவி

"எனக்காக ஒரு ஊஞ்சல்ல கூட உட்கார்ந்ததில்ல மேடம். ஆடுற எதைப் பார்த்தாலும் அவளுக்குக் குமட்டும். அப்படிப்பட்டவ நாளைக்குக் காலையில படகேறிக் கடல் தாண்டப் போறா. எவனுக்காக?"

கேட்டுவிட்டு அந்த மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மேசை மேல் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். அது ரேடியோவின் தண்ணீர்.

ரேடியோ என்பது அந்தத் துப்பறியும் அலுவலகத்தின் உதவியாளனுக்கு ஊரார் வைத்த பெயர். வாயைத் திறந்தால் அணைக்க வழியில்லாததால் அந்தப் பெயர். அவனுடைய முதலாளியம்மாவை எல்லோரும் மேடம் என்றே அழைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்துப் பழகியவர். எதிரில் இருப்பவர் அழுதால் கைக்குட்டை நீட்டுவார், நீட்டிக்கொண்டே எதற்கு அழுகிறார் என்று கணக்குப் போடுவார். சலவைக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்குள் இஸ்திரி ஆவி சதா ஏறிக்கொண்டிருக்கும். இன்றைக்கு அதோடு கடைக்காரரின் வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டதில் அறையே வெந்தது.

"படகுன்னு எப்படித் தெரிஞ்சது?" என்றார் மேடம்.

"போன்ல பேசினா. சமையல்கட்டுல நின்னு குசுகுசுன்னு. 'படகுக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு, நாளைக்கு அவர் லென்ஸ் வாங்க வெளியூர் போயிடுவார், நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க'ன்னு. நீங்களாம், நீங்க! அந்த மரியாதையைக் கேட்டதுலேருந்து எனக்குச் சோறு இறங்கல."

"யாருன்னு சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமா? சத்தியமே பண்ணுவேன். எனக்கு முன்னாடி இவளுக்கு நிச்சயமாகி நின்னு போன மாப்பிள்ளை ஒருத்தன் அக்கரையில இருக்கான். சைக்கிள் கடை. பச்சைப் பலகை மாட்டியிருக்கான். தலை மொத்தமும் வழுக்கை. பதினோரு மணியானா கடை வாசல்ல நின்னு ஊதி ஊதி டீ குடிப்பான்."

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"நானா? அந்தப் பக்கம் தலை வச்சுக் கூடப் படுத்ததில்ல. யாரோ சொன்னாங்க."

பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று ரேடியோவைப் பார்த்துக் கையை நீட்டினார். "தம்பி, கண்ணாடியைக் கழட்டுங்க. வலது காது பக்கம் திருகு லூசா இருக்கு. அப்போலேருந்து கண்ணை உறுத்துது."

சட்டைப் பையிலிருந்து பல்குத்தும் குச்சி மாதிரி ஒரு திருப்புளி வந்தது. இரண்டே திருகல். இவ்வளவு துக்கத்திலும் மனிதருக்குக் கை நடுங்கவில்லை.

"பழக்கம்," என்றார் திருப்பிக் கொடுத்துக்கொண்டே. "எனக்கு முகம் மனசுல நிக்காது தம்பி. நேத்து வந்தவரையே இன்னிக்கு யாருங்கன்னு கேட்பேன். ஆனா ஃபிரேமைப் பார்த்தா போதும், எங்க வாங்கினது, யாருக்குக் கொடுத்தது, எல்லாம் சொல்லிடுவேன். அதனாலதான் மேடம் இதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சே வெடிச்சிடுச்சு."

செல்போனை நீட்டினார். படத்தில் ஒரு கைப்பை. அதற்குள் தட்டு அகலத்துக்கு ஒரு கூலிங் கிளாஸ்.

"இது எங்க கடை சரக்கு இல்ல! வேற கடையில வாங்கியிருக்கா! சுவர் பூரா கண்ணாடி மாட்டி வச்சிருக்கேன் மேடம், அவ கையை நீட்டினா வேணாம்னா சொல்லப் போறேன்?" கடல் தாண்டுவதைச் சொன்னபோது தழுதழுத்த குரல் இப்போது உடைந்தே போனது. "எவனோ வாங்கிக் கொடுத்திருக்கான்."

"அப்படித்தான் இருக்கும் சார்," என்றான் ரேடியோ. அவனுக்கு மனிதர் மேல் உண்மையான இரக்கம் வந்துவிட்டது. காரணம் இருந்தது. பின்னால் வரும்.

மேடம் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாங்க என்ன செய்யணும்?"

"நாளைக்கு அந்தப் படகுல ஏறுங்க. அவ ஏறினதும் ஒரு போன். நான் வக்கீல் வீட்டு வாசல்ல நிப்பேன். பேசி முடிச்சாச்சு. படகு கரையை விட்டா எங்க கல்யாணமும் விட்டுது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க அம்மாகிட்ட கூட மூச்சு விடல. அண்ணன் வீட்டுல இருக்காங்க. பிரஷர் உடம்பு, தாங்க மாட்டாங்க. அப்புறம், மேல் தட்டுல உட்காராதீங்க, டீசல் புகை மூஞ்சியில அடிக்கும். கீழே இடது பக்கம் உட்காருங்க. காலையில அங்கதான் வெயில் வராது."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது.

"பாவம் மேடம்," என்றான் ரேடியோ. "கேஸ் கண்ணாடி மாதிரி இருக்கு."

"தலை வச்சுக் கூடப் படுக்காத இடத்துல எந்தப் பக்கம் வெயில் வராதுன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போறாரு," என்றார் மேடம், குடையை எடுத்தபடி. "வா."

*

மருந்துக்கடை, கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுத் தெருமுனையில் இருந்தது. ஆடும் வாகனத்துக்குப் பயப்படுகிற பெண் படகேறுமுன் எங்கே போவாள் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. அந்தக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் ரேடியோ கட்டிக்கொள்ளப் போகிற பெண் என்பது அன்றைய அதிர்ஷ்டம். அவளெதிரே கவுன்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது துரதிர்ஷ்டம்.

அவன் போன பிறகும் ரேடியோவின் கண் அவள் கொண்டையில் சொருகியிருந்த புதுப் பேனாவை விட்டு அகலவில்லை. முன்னே சொன்ன காரணம் இதுதான்.

"ஆமா, அந்தக்கா வந்தாங்க," என்றாள் மருந்துக்கடைப் பெண். "பிரயாணத்துல வாந்தி வராம இருக்க மாத்திரை கேட்டாங்க. ரெண்டு பேருக்கு."

"பார்த்தீங்களா மேடம்? ரெண்டு பேருக்கு!"

"இருடா. ஒரே மாத்திரையா?"

"அதான் வேடிக்கை. கூட வர்ற ஆளுக்கு பிரஷர் மாத்திரை ஓடுதாம். சேர்த்துப் போட்டா ஒத்துக்குமான்னு தூண்டித் துருவிக் கேட்டாங்க. டாக்டரைக் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். கேட்டுட்டு வந்துதான் வாங்கினாங்க."

"காதலனுக்கு பிரஷர்," என்றான் ரேடியோ. "இருக்கத்தானே செய்யும்? அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டுப் போறதுன்னா சும்மாவா?"

மேடம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. "அவங்களுக்கு?"

"தூக்கம் வராத மாத்திரையாத்தான் வேணும்னு பிடிவாதம். சாதாரணமா எல்லாரும் தூங்க வைக்கிற மாத்திரையைத்தான் கேட்பாங்க. போட்டுட்டு, கண்ணை மூடிட்டு, கரை வந்ததும் எழுந்துக்கலாம். இவங்க 'எனக்கு வழி பூரா கண்ணு முழிச்சிருக்கணும்'னாங்க. பாவம், இதுக்காக எதிர்ப் பூங்காவுல தினம் சாயங்காலம் குழந்தைங்க ஊஞ்சல்ல ஆடிப் பழகுறாங்க. ரெண்டு தடவை வாந்தியெடுத்துட்டு இங்கதான் வந்து வாய் கொப்பளிச்சாங்க."

"ஊஞ்சல்லயா?" ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "புருஷனுக்காக உட்காராத ஊஞ்சல்ல! அய்யோ, இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது? ஆமா, அந்தப் பேனா யாரு கொடுத்தது?"

"எந்தப் பேனா?"

"தலையில இருக்குதே, அது."

"ஓ, இதுவா? இதுல எழுதினா நல்லா எழுதுது," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனாள்.

தெருவில் இறங்கியதும் மேடம் கேட்டார், "காதலனோட போற பொண்ணு எதுக்குடா வழி பூரா முழிச்சிருக்கணும்?"

"பேசிக்கிட்டே போக மேடம். ஆசையா."

"நீ இன்னும் அந்தப் பேனாவை விட்டு வெளியே வரல. நட."

*

படகுத் துறையின் டிக்கெட் அறையில் கிளார்க் ஒருவர் இருக்கைப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூஜிக்காத குறையாகப் பாதுகாத்து வந்தார். பயணமென்னவோ சின்னது. ஏறி உட்கார்ந்து கொஞ்சம் கதை பேசினால் அக்கரை வந்துவிடும். அதற்குள் ஜன்னல் சீட்டுக்கு ஜனங்கள் போடுகிற சண்டையிலேயே அவருக்கு முடி நரைத்துவிட்டதாம்.

"எல்லாரும் கடல் தெரியுற சீட்டுக்குத்தான் உயிரை விடுவாங்க," என்றார் கிளார்க். "இத்தனை வருஷத்துல கடல் தெரியாத சீட்டு கேட்டு வந்தது நீங்க சொல்ற அந்த அம்மா ஒருத்தர்தான். தூணுக்குப் பின்னாடி ரெண்டு சீட்டு இருக்கு. யாரும் சீந்த மாட்டாங்க. அதைத்தான் வேணும்னு வாங்கினாங்க. வாங்குறதுக்கு முன்னாடி, வழக்கமா வர்றவங்க எங்கெங்க உட்காருவாங்கன்னு விசாரிச்சு, படகுக்குள்ள போய் உட்கார்ந்து வேற பார்த்தாங்க."

"மறைவா உட்காரணும், வேறென்ன?" என்றான் ரேடியோ. "கூட வர்றவரு முகத்தைக் காட்ட முடியாதுல்ல."

"நாமும் உட்கார்ந்து பார்ப்போம்," என்றார் மேடம்.

படகு மதிய ஓய்வில் கட்டப்பட்டுக் கிடந்தது. கீழ்த் தட்டில் ஒரு பெண் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மேடம் தூணுக்குப் பின்னாலிருந்த இருக்கையில் உட்கார்ந்து இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார். பிறகு ரேடியோவைக் கூப்பிட்டு முன்வரிசைகளில் ஒவ்வொரு இருக்கையாக உட்காரச் சொன்னார். அவன் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தான்.

"தெரியல. தெரியல. அடுத்தது. அங்கயும் தெரியல. அந்த இடது ஜன்னலோரம் உட்காரு." அவன் நகர்ந்து உட்கார்ந்தான். "ஆ! உன் பிடரி நல்லாத் தெரியுது. திரும்பிப் பாரு, நான் தெரியுறேனா?"

"தூண்தான் மேடம் தெரியுது."

"எனக்குக் கடலும் தெரியல, கரையும் தெரியல. உன் ஒருத்தன் பிடரியைத் தவிர எதுவுமே தெரியாத சீட்டு இது. இதுக்குத்தான் அந்தம்மா அத்தனை மெனக்கெட்டிருக்காங்க. மாத்திரை போட்டுக்கிட்டு, கண்ணைக் கொட்டாம." மேடம் எழுந்து கிளார்க்கிடம் திரும்பினார். "அந்த ஜன்னலோர சீட்டு யாருது?"

"அதுக்கு ஒரு நிரந்தர ஆள் இருக்காரு. வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை வருவாரு. வேற சீட்டு கொடுத்தா முகம் சுண்டிப் போயிடும். வெயில் ஆகாதாம், அதனால இடது பக்கம்தான். நாளைக்குக் கூட அவர் வர்ற நாள்."

"பேரு?"

"பேரெல்லாம் யாரு கேட்டா? தங்கமான மனுஷன். என் கண்ணாடி ரொம்ப நாளா காது பக்கம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. நான் கேட்கவே இல்ல. டிக்கெட் வாங்கும்போதே 'கழட்டுங்க'ன்னு சொல்லி, பையில இருந்து இத்தனூண்டு திருப்புளியை எடுத்து..."

ரேடியோவின் கை தானாகவே தன் வலது காதுக்குப் போனது.

*

கண்ணாடிக் கடையில் சுவர் பூராவும் ஃபிரேம்கள் மாட்டியிருந்தன. நடுவில் கடைக்காரர் தனியாக உட்கார்ந்து ஒரு லென்ஸைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு தெரிஞ்சுதா?" என்று எழுந்தார். "அவன்தானே?"

"உங்க மனைவி ஏன் வேற கடையில கூலிங் கிளாஸ் வாங்கினாங்கன்னு தெரிஞ்சுது," என்றார் மேடம். "ஊருக்கு முகத்தை மறைக்கணும்னா இந்தச் சுவத்துல இருந்து எதை எடுத்துப் போட்டாலும் போதும். ஆனா இந்தக் கடை ஃபிரேமைப் போட்டா எத்தனை கூட்டத்துலயும் கண்டுபிடிச்சிடற ஆள் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்டேருந்து மறைய, அவர் கண்ணுல படாத ஃபிரேம் வேணும்."

கடைக்காரரின் கையில் லென்ஸ் நின்றது.

"வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை லென்ஸ் வாங்கப் போறீங்களே, எந்தக் கம்பெனிக்கு சார் படகுல போகணும்?"

கடைக்காரர் வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் மாட்டிக்கொண்டவனுக்கு எங்கே திரும்பினாலும் தன் முகமே தெரியும். அவர் தரையைப் பார்த்தார்.

"சைக்கிள் கடைக்கு எதிர்ல ஒரு பஸ் நிறுத்தம் இருக்கு," என்றார் மெதுவாக. "அங்க நின்னு பார்ப்பேன்."

"எதை?"

"அவனை. என்னை விட எதுல உசத்தின்னு."

"எதுல உசத்தி?"

"ஒண்ணுலயும் இல்ல மேடம். அதுதான் தாங்க முடியல." குரல் கம்மியது. "ஒரு தடவை பார்த்தா போதும்னுதான் போனேன். ஆனா கண்ணாடி போடாத முகம். வீட்டுக்கு வர்றதுக்குள்ள மறந்துடுது. திரும்பப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கு."

ரேடியோ சிரிப்பை அடக்க ஒரு ஃபிரேமை எடுத்துப் போட்டுப் பார்த்தான்.

"உங்க மனைவி ஒரு நாளாவது அங்க வந்தாங்களா?"

"இல்ல. இன்னிக்கு வருவா, நாளைக்கு வருவான்னு..."

"நீங்க எதிரிலேயே நின்னு அவங்களைத் தேடிக்கிட்டு இருந்தீங்க. அவங்க வீட்டுல உட்கார்ந்து, வாரம் விட்டு வாரம் புருஷன் எவளைத் தேடிப் போறான்னு வெந்துக்கிட்டு இருந்தாங்க. நாளைக்குப் பின்னாடியே வந்து பார்த்துடலாம்னு முடிவு. சார், காலையில ஒரு கேள்வி கேட்டீங்க. எவனுக்காகக் கடல் தாண்டப் போறாள்னு. பதில் கிடைச்சாச்சு. உங்களுக்காகத்தான்."

கடைக்காரரின் கண்ணாடி பனித்தது. கழற்றித் துடைக்கக் கூடத் தோன்றவில்லை அவருக்கு. வக்கீலிடம் பேசி வைத்த பேச்செல்லாம் அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் வெளிறியது. ஒரு போன், அவ்வளவுதான், குற்றமே செய்யாத பெண்டாட்டியைத் தன் கையாலேயே வாசலுக்கு அனுப்பியிருப்பார்.

"உங்களுக்காக ஊஞ்சல்ல கூட உட்காரலன்னு சொன்னீங்களே," என்றான் ரேடியோ, ஆறுதலாக. "தினம் பூங்காவுல ஊஞ்சல் ஆடிப் பழகியிருக்காங்க சார். வாந்தியெடுத்து எடுத்து."

கடைக்காரர் தலை கவிழ்ந்து விசும்பினார். நன்றாக, மனம் விட்டு விசும்பினார். பிறகு அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணில் ஈரம் அப்படியே இருந்தது. அதற்குள் வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஊஞ்சலை ஆட்டிவிட்டது யாரு?"

ரேடியோ மேடத்தைப் பார்த்தான்.

"ரெண்டு டிக்கெட்ல? கூட ஒருத்தன் வர்றான்ல? 'நீங்க பயப்படாதீங்க'ன்னாளே, அது யாரு?"

மேடம் குடையை எடுத்துக்கொண்டார். "நாளைக்கு வழக்கம்போல உங்க சீட்டுல போய் உட்காருங்க. படகு கிளம்புறதுக்கு முன்னாடி எழுந்து தூணுக்குப் பின்னாடி போங்க. நேர்லயே கேட்டுக்கலாம்."

வெளியே வந்ததும் ரேடியோ ஒரு முடிவுக்கு வந்தான். பேனாவைப் பற்றி இனி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பொறாமை மனிதனை எந்த லட்சணத்தில் பஸ் நிறுத்தத்தில் நிறுத்தும் என்று பார்த்தாயிற்று. அந்த முடிவு மருந்துக்கடை வாசல் வரை தாக்குப்பிடித்தது.

*

மறுநாள் காலை மேடமும் ரேடியோவும் படகின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இடது ஜன்னலோரத்தில் கண்ணாடிக் கடைக்காரரின் பிடரி வியர்த்துக் கொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால், தட்டு அகலக் கறுப்புக் கண்ணாடியோடு இரண்டு உருவங்கள் விறைத்துப் போய் உட்கார்ந்திருந்தன.

பிடரி எழுந்தது. திரும்பியது. நடந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது.

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன.

"யாரு அவ?" என்றாள்.

"அவ இல்ல. அவன்," என்றார் கடைக்காரர். "சைக்கிள் கடைக்காரன். நீ அவனைப் பார்க்க வர்றியான்னு பார்க்கத்தான் நான்..."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த கண்ணாடியால் அவர் நெஞ்சிலேயே ஒன்று போட்டாள். "லென்ஸ் கம்பெனிக்குப் போய்ட்டு வந்தா கண்ணாடியில ஏன் உப்பு படியுது? போய்ட்டு வந்த ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் அந்த உப்பைத் துடைச்சுத் துடைச்சு நான் செத்துக்கிட்டு இருந்தேன். இவர் அந்த மொட்டைத் தலையை வேடிக்கை பார்க்கப் போயிருக்காரு!"

கடைசி வரிசையில் மேடத்தின் புருவம் உயர்ந்தது. "உப்பைப் பார்த்துப் பிடிச்சிருக்காங்கடா. எவ்வளவு அழகா வேலை பார்த்திருக்காங்க! இப்படி ஒரு ஆள் நம்ம ஆபீசுக்கு..."

"நம்ம ஆபீஸ்ல இடமே இல்ல மேடம். நாற்காலி ரெண்டுதான்," என்றான் ரேடியோ அவசரமாக.

படகு ஒரு குலுக்கலோடு கரையை விட்டது. மனைவிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் பதறிப்போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு கையால் அவள் நெற்றியைத் தாங்கினார். இன்னொரு கையால் பாலிதீன் பையை விரித்துப் பிடித்தார். அவள் அவர் தோளில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இனி முழித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

அவருக்கு வேண்டியிருந்தது. மெல்ல அவள் காதருகே குனிந்தார்.

"கோவிச்சுக்காத. ஒண்ணே ஒண்ணு. அந்த ஊஞ்சலை ஆட்டிவிட்டது..."

பக்கத்து இருக்கையில் இருந்த இன்னொரு கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. அதற்கு மேலே அவரைப் பெற்றவளின் இரண்டு கண்களும் கனன்றன.

"நான்தாண்டா ஆட்டிவிட்டேன். தோள்பட்டை கழண்டு போச்சு. வா, வந்து இப்ப என் மேல சந்தேகப்படு."